பத்து நிமிஷ ஸ்டேபிள்

குர்கான் வந்து பதினெட்டு வருஷம் ஆச்சுங்க. இத்தனை வருஷத்துல ஆபீஸ்ல நான் அதிகமா எழுதின மெயில் எதுன்னு கேட்டா, "இந்த டெஸ்ட் பத்தாது, இன்னும் 72 மணி நேரம் ஓட்டிக் காட்டுங்க"ன்னு டெவலப்பர் பசங்களுக்கு எழுதினதாத்தான் இருக்கும். பொட்டி தட்டுற கூட்டத்துல நான் டெஸ்டிங் பிரிவு. அடுத்தவன் வேலையில குத்தம் கண்டுபிடிக்கறதுக்கு மாசாமாசம் சம்பளம். அப்பேர்ப்பட்டவன், சொந்தப் பொண்ணோட கம்ப்யூட்டருக்கு பத்தே நிமிஷம் டெஸ்ட் பண்ணிட்டு "ஸ்டேபிள்"னு சர்டிபிகேட் குடுத்து மாட்டிக்கிட்ட கதை இது.

முதல்ல கொஞ்சம் கொசுவத்தி. 1999-ல கோயமுத்தூர்ல காலேஜ் படிக்கறப்ப, எங்க செட்டுல ஒருத்தன் இன்டெல் செலிரான் 300ஏ வாங்கியிருந்தான். 300 மெகாஹெர்ட்ஸ் சிப். மதர்போர்டு பஸ் வேகத்தை 66-ல இருந்து 100-க்கு மாத்தினா அது 450-ல ஓடும். அந்தக் காலத்துல ஓவர்கிளாக் பண்ற ஊர் உலகத்துக்கே அதுதான் ஹீரோ. காசு குடுத்தது 300-க்கு, ஓடறது 450! குவேக் 2 போட்டுப் பார்த்தோம், ஓடிச்சு. "ஸ்டேபிள்டா மாப்ளே"ன்னு கை குலுக்கிக்கிட்டோம். அன்னைக்குப் பிடிச்ச வியாதி, நாப்பத்தஞ்சு வயசுல திரும்பவும் வந்திடுச்சு.

சரி, மேட்டருக்கு வருவோம்.

பொண்ணு பன்னெண்டாவது. டாக்டர், இன்ஜினியர் எதுவும் வேண்டாம், அனிமேஷன்தான் படிப்பேன்னு ஒரே பிடிவாதம். பிளெண்டர்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, அதுல உருவம் செஞ்சு, வெளிச்சம் போட்டு, அசைய வைக்கலாம். ஆனா கிராபிக்ஸ் கார்டு இல்லாம அதுல வேலை பண்றது, மாவாட்டுற கிரைண்டரைக் கையால சுத்தற மாதிரி. 2022 செப்டம்பர்ல எத்தீரியம் காரங்க மைனிங் முறையையே கைவிட்ட பிறகு, பழைய கார்டுகள் சந்தையில நிறைய வந்தது. எங்க சொசைட்டியிலயே ஒரு பையன் வேண்டாம்னு வெச்சிருந்த ஆர்.டி.எக்ஸ். 3060, 12 ஜி.பி. கார்டை 2024 ஜனவரியில வாங்கினேன்.

வாங்கினவன் சும்மா இருந்திருக்கலாம் இல்லீங்களா? ஆஃப்டர்பர்னரைத் திறந்தேன். கோர் வேகத்துக்கு 150 மெகாஹெர்ட்ஸ் கூட்டினேன், மெமரிக்கு 1000. யுனிஜின் ஹெவன்னு ஒரு டெஸ்ட் இருக்கு, 2009-ல வந்தது. வானத்துல மிதக்கற தீவு, பறக்கற கப்பல்னு பார்க்க அழகா இருக்கும். அதைப் பத்து நிமிஷம் ஓட்டினேன். ஒண்ணும் ஆகலை. கார்டு சூடு 61 டிகிரி. ஸ்கோர் கூடியிருந்தது. பொண்ணைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"அப்பா, சச்சி? இது சேஃபா?" (குர்கான்ல வளர்ந்த பிள்ளை, தமிழுக்கு நடுவுல இந்தி ஊறுகா மாதிரி வரும்.)

"கண்ணை மூடிக்கிட்டு ஓட்டு சாமி. அப்பா டெஸ்ட் பண்ணியாச்சு."

அந்தக் கடைசி வார்த்தையை ஞாபகம் வெச்சுக்குங்க.

பிப்ரவரியில ரெண்டு தடவை ஏதோ கேம் பட்டுனு மூடிக்கிச்சு. "கேம்ல பக்கா இருக்கும்"னு சொன்னேன். மார்ச்ல ஒரு தடவை திரை அரை செகண்ட் கறுத்துட்டு வந்தது. "கேபிள் லூஸ்"னு சொன்னேன். ஏப்ரல்ல வீடியோ பார்க்கறப்ப பச்சைக் கட்டம் கட்டமா வந்து மறைஞ்சது. "நெட்டு சரியில்லை"னு சொன்னேன். ஆபீஸ்ல எவனாவது ஒரு டெவலப்பர் இந்த மாதிரி மூணு காரணம் சொல்லியிருந்தா அவனை நான் சும்மா விட்டிருப்பேனா?

மே கடைசி. டெல்லி பக்கம் இருக்கறவங்களுக்கு 2024 மே மாசத்தைப் பத்திச் சொல்ல வேண்டியதில்லை. சுவத்தைத் தொட்டா தோசைக்கல்லு. பொண்ணு ஒரு டிசைன் காலேஜுக்கு அனுப்ப ஒரு நிமிஷப் படம் செஞ்சிருந்தா. ஒரு பாட்டி, ஒரு பால்கனி, ஒரு புறா. அவ்வளவுதான் கதை. ஆனா நாலு மாசம் உட்கார்ந்து இழைச்சிருந்தா. ஒரு நிமிஷம்னா செகண்டுக்கு 24 படம் வீதம் 1440 ஃபிரேம். ஒவ்வொரு ஃபிரேமையும் கார்டு கணக்குப் போட்டு வரையணும். சாதாரண வேகத்துல ஃபிரேமுக்கு 45 செகண்ட், மொத்தம் 18 மணி நேரம். என் புண்ணியத்துல 42 செகண்ட், 16 மணி 48 நிமிஷம். ஞாயித்துக்கிழமை ராத்திரி பன்னெண்டுக்குள்ள அப்லோட் பண்ணணும். வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு ரெண்டர் போட்டுட்டுத் தூங்கப் போனா.

சனிக்கிழமை காலையில ஆறு மணிக்கு என் ரூம் கதவைத் தட்டினா. அழுகை இல்லை, கத்தல் இல்லை. "அப்பா, கொஞ்சம் வாங்க."

பிளெண்டர் மூடியிருந்தது. வீடியோ ஃபைல் இருந்தது, ஆனா எதுலயும் திறக்கலை. எம்.பி.4-ஆ நேரா ரெண்டர் போட்டிருந்தா. நடுவுல அறுந்தா அந்த ஃபைலுக்கு முடிவுரை எழுதாமலே போயிடும், பிளேயர் அதைத் திறக்காது. மொத்த ராத்திரியும் போச்சு.

உடனே நான் சொன்னேன்: "கரெண்ட் போயிருக்கும்மா. ஜெனரேட்டர் மாறுறப்ப ஏதாவது ஆகியிருக்கும்."

சொல்லிட்டு, என் யோக்கியதைக்கு, ஈவென்ட் வியூவரைத் திறந்தேன். விண்டோஸ் தன் டைரியில எழுதி வெச்சிருந்தது: விடிகாலை 3 மணி 47 நிமிஷம், டிஸ்ப்ளே டிரைவர் பதில் சொல்றதை நிறுத்திட்டு மறுபடி மீண்டு வந்தது. கரெண்ட் போகவே இல்லை. கார்டுக்கு வேலை குடுத்து ரெண்டு செகண்டுக்குள்ள அது அசையலைன்னா, விண்டோஸ் அதைப் பிடிச்சு உலுக்கி மறுபடி எழுப்பிவிடும். விஸ்டா காலத்துல இருந்து உள்ள ஏற்பாடு. திரை உயிரோட வந்துடும். ஆனா அது நேரம் வரைக்கும் கார்டுல போட்டுக்கிட்டிருந்த கணக்கெல்லாம் அம்போ. கீழே உருட்டினேன். பிப்ரவரி, மார்ச், ஏப்ரல்... அதே வரி, அதே எண், வரிசையா. நான் கேபிள் மேலயும் நெட்டு மேலயும் பழி போட்ட ஒவ்வொரு நாளும் அங்கே தேதியோட இருந்தது.

பொண்ணு என் தோளுக்குப் பின்னாடி நின்னு படிச்சுக்கிட்டிருந்தா.

"அப்பா, நீங்க டெஸ்ட் பண்ணினேன்னு சொன்னீங்கல்ல?"

"பண்ணினேன்மா."

"எவ்வளவு நேரம்?"

"பத்து நிமிஷம்."

அவ ஒண்ணும் சொல்லலீங்க. தலையை மட்டும் ஆட்டிட்டு, தலைமுடியைக் கொண்டை போட்டுக்கிட்டு உட்கார்ந்தா. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

மணி ஏழு. ஞாயிறு ராத்திரி பன்னெண்டுக்கு இன்னும் 41 மணி நேரம். முதல் வேலையா ஆஃப்டர்பர்னர்ல எல்லாத்தையும் பூஜ்யத்துக்குக் கொண்டு வந்தேன். கம்பெனி வேகம், ஒரு மெகாஹெர்ட்ஸ் கூடக் கூட்டு இல்லை. அடுத்தது, வீடியோவா இல்லாம ஒவ்வொரு ஃபிரேமையும் தனித்தனி பி.என்.ஜி. படமா ரெண்டர் பண்ணச் சொன்னேன். எங்க அறுந்தாலும் அதுவரைக்கும் வந்தது கையில இருக்கும், விட்ட இடத்துல இருந்து தொடரலாம். (பிள்ளைங்க பிளெண்டர்ல இருந்தா இந்த ஒரு விஷயத்தை மட்டுமாவது இன்னைக்கே சொல்லிடுங்க.) கனமான காட்சியா பார்த்து ரெண்டு மணி நேரம் ஓட்டிப் பார்த்தோம். பத்து மணிக்கு முழுசா ஆரம்பிச்சது.

அன்னைக்கு மத்தியானம் நான் கோயமுத்தூருக்குப் போன் போட்டேன். வழக்கமான சனிக்கிழமை போன். அப்பாகிட்ட விஷயத்தைச் சொன்னேன். அப்பாவுக்கு கிராபிக்ஸ் கார்டு தெரியாது. ஆனா மோட்டார் தெரியும். முப்பத்தஞ்சு வருஷம் மோட்டார் வைண்டிங் கடை வெச்சிருந்தவர். கிணத்து மோட்டார் எரிஞ்சு போச்சுன்னா, பொள்ளாச்சி பக்கம், பல்லடம் பக்கம் இருந்தெல்லாம் தோள்ல தூக்கிட்டு வருவாங்க. கடை முழுக்க வார்னிஷ் வாசம்.

முழுக்கக் கேட்டுட்டு அவர் கேட்டது ஒரே கேள்வி: "எத்தன நேரம் ஓட்டிப் பாத்தே கண்ணு?"

அதே கேள்வி. காலையில பேத்தி, மத்தியானம் தாத்தா.

"பத்து நிமிஷங்கப்பா."

"லோடு குடுத்தா, சும்மாவா?"

அதுக்கும் எனக்குச் சரியா பதில் சொல்லத் தெரியலை. அப்பா சிரிச்சார். "சும்மா சுத்துனா எல்லா மோட்டாரும் நல்ல மோட்டாருதான். கெணத்துக்குள்ள எறக்கி, தண்ணி தூக்கச் சொன்னாத்தான் அதும்பட யோக்கியதை தெரியும்."

சின்ன வயசுல பார்த்ததெல்லாம் கண்ணு முன்னாடி வந்தது. கடைக்குப் பின்னாடி ஒரு தண்ணித் தொட்டி. வைண்டிங் முடிஞ்ச மோட்டாரை முதல்ல மெக்கர் வெச்சு இன்சுலேஷன் பார்ப்பார். அப்புறம் தொட்டியில பம்போட இறக்கி, வால்வைத் திருகி லோடு ஏத்துவார். டாங் டெஸ்டரை ஒயர் மேல மாட்டி, எத்தனை ஆம்பியர் இழுக்குதுன்னு கால் மணிக்கு ஒருக்கா நோட்டுல எழுதுவார். விவசாயி வெளியே நின்னு "பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க"ன்னு கத்துவார். அப்பா அசைய மாட்டார். "இங்க நிக்கற ஒரு மணி நேரம் பெருசா, நாளைக்கு கெணத்துல இருந்து மறுக்கா மேல தூக்கறது பெருசா?"ன்னு கேப்பார். நான் அந்த நோட்டுக்குப் பக்கத்துல உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதினேன். என்னத்தை எழுதினேனோ.

ரெண்டர் ஓடிச்சு. நானும் ஒரு பழைய நோட்டை எடுத்து மணிக்கு ஒருக்கா எழுத ஆரம்பிச்சேன்: ரூம் சூடு, கார்டு சூடு, எத்தனையாவது ஃபிரேம். நாலு மணிக்குக் கரெண்ட் போய் ஜெனரேட்டர் வந்தது. யு.பி.எஸ். கீச்சுன்னு கத்திட்டு அடங்கிச்சு. தங்கமணி ராத்திரி பன்னெண்டு மணிக்கு டீ கொண்டு வந்து வெச்சுட்டு, "இதை ஜனவரியில பண்ணியிருக்கலாம்"னு மட்டும் சொல்லிட்டுப் போனாங்க. நியாயம்தானே. ஞாயித்துக்கிழமை விடிகாலை நாலேகாலுக்குக் கடைசி ஃபிரேம் விழுந்தது. 1440 படத்தையும் சின்னச் சின்னதா பரப்பி வெச்சு, அவ ஒண்ணொண்ணா பார்த்தா. எல்லாம் சுத்தம். சாயங்காலம் ஏழு மணிக்கு அப்லோட் ஆச்சு.

இங்கே கதையை முடிச்சிருக்கலாம். ஆனா திங்கக்கிழமை அவளே வந்து கேட்டா: "அப்பா, எதனால கிராஷ் ஆச்சுன்னு கண்டுபிடிக்கலாமா? எனக்குத் தெரியணும்." லீவு வேற. பத்து ராத்திரி உட்கார்ந்தோம்.

முதல்ல அவளுக்குப் புரிய வெச்சது இது. 1900 மெகாஹெர்ட்ஸ்னா சிப்போட ஒரு துடிப்பு அரை நானோசெகண்டுக்குக் கொஞ்சம் மேலே. அதுக்குள்ள மின்சார சிக்னல் கிளம்பி, ஏகப்பட்ட டிரான்சிஸ்டரைத் தாண்டி, போய் நிலையா உட்காரணும். வேகத்தைக் கூட்டினா இந்த நேரம் சுருங்கும். சிக்னல் வந்து சேர்றதுக்குள்ள அடுத்த துடிப்பு வந்துட்டா, 1 இருக்க வேண்டிய இடத்துல 0-ன்னு எடுத்துக்கும். பொதுவா சூடு ஏறினா சிக்னல் இன்னும் மெதுவாகும். ஒவ்வொரு சிப்பும் கொஞ்சம் கொஞ்சம் வேற மாதிரி பிறக்கறதால, கம்பெனிக்காரன் மோசமான சிப்பு, மோசமான வெயில், வயசாகறது எல்லாத்துக்கும் சேர்த்து கொஞ்சம் இடம் விட்டு வெச்சிருப்பான். ஓவர்கிளாக்னா அந்த இடத்தை நாம சாப்பிடறது. ஜனவரியில எங்க ரூம் 15 டிகிரி. மே மாசம் 36. ஜனவரியில 61-ல நின்ன கார்டு மே மாசம் 81. குளிர்ல டெஸ்ட் பண்ணி, வெயில்ல ஓட விட்டிருக்கேன்.

தப்பு அது ஒண்ணு மட்டுமில்லை. ஹெவன் பழைய டெஸ்ட். இந்தக் கார்டுல ரே டிரேசிங்குக்குன்னு தனியா ஒரு பகுதி இருக்கு. ஹெவன் அதைத் தொடறதே இல்லை. பிளெண்டர் ரெண்டருக்கு அதுதான் முக்கியமான வேலைக்காரன். ஹெவன் ஓடறப்ப மெமரியும் ரெண்டு, மூணு ஜி.பி. தாண்டலை. பொண்ணோட படம் ஒன்பது ஜி.பி. எடுத்தது. ஆக, எந்த இடம் உழைக்கணுமோ அதை நான் டெஸ்ட் பண்ணவே இல்லை. காலைக் கட்டிட்டுக் கையைப் பார்த்து "நல்லா நடக்கறான்"னு சொல்லியிருக்கேன்.

"அப்ப ஃபர்மார்க் ஓட்டலாமா?"ன்னு கேட்டா. கார்டைப் பொசுக்கறதுல பேர் போன டெஸ்ட் அது. ஓட்டினோம். +150-லயும் அரை மணி நேரம் அசையாம ஓடிச்சு! எனக்கே ஆச்சரியம். அப்புறம் வேக அளவைப் பார்த்தா விஷயம் புரிஞ்சது. ஃபர்மார்க் இழுக்கற இழுப்புல கார்டு தன் 170 வாட் எல்லையைத் தொட்டுடுது. தொட்டதும் தானாவே வேகத்தைக் குறைச்சுக்குது. நாங்க கூட்டின உச்ச வேகத்துக்கு அது போகவே இல்லை. அது கூலருக்கும் பவர் சப்ளைக்கும் நல்ல பரீட்சை, வேகத்துக்கு இல்லை. இன்னொரு பக்கம், லேசான வேலையில, கார்டு குளுகுளுன்னு இருக்கறப்பதான் வேகம் உச்சத்துக்குத் தாவுது. வீடியோ பார்க்கறப்ப பச்சைக் கட்டம் வந்ததுக்கு அதுதான் காரணமா இருக்கணும். அதனால கனமான வேலை மட்டும் பத்தாது. வேலை, ஓய்வு, வேலை, ஓய்வுன்னு மாத்தி மாத்தியும் ஓட்டணும்.

பொண்ணு ஒரு யோசனை சொன்னா பாருங்க, இத்தனை வருஷ டெஸ்டருக்கு வராத யோசனை. ஒரே ஃபிரேமை, அதே அளவுகளோட, திரும்பத் திரும்ப ரெண்டர் போடலாம். ஒவ்வொண்ணையும் முதல் படத்து மேல வெச்சு ஒண்ணுல இருந்து ஒண்ணைக் கழிச்சா, ரெண்டும் ஒண்ணுன்னா முழுக் கறுப்பா வரணும். கம்பெனி வேகத்துல 50 தடவை போட்டோம், 50-ம் கறுப்பு. மெமரியை மட்டும் +1000 வெச்சுப் போட்டோம். கிராஷ் ஆகலை. ஆனா 31-வது படத்துல கறுப்புக்கு நடுவுல நாலு வெள்ளைப் புள்ளி.

அந்த நாலு புள்ளியைப் பார்த்து எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. கிராஷ் ஆனாலாவது நமக்குத் தெரியும். இது தப்பாக் கணக்குப் போட்டுட்டு, எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லுது. கேம்ல செகண்டுல அறுபதுல ஒரு பங்கு வந்து மறையற புள்ளியை யாரும் பார்க்கப் போறதில்லை. படத்துல அது நிரந்தரம். எண் கணக்கா இருந்தா? ஃபோல்டிங் அட் ஹோம்னு, புரதங்களைப் பத்தின ஆராய்ச்சிக்காக வீட்டுக் கம்ப்யூட்டர்களைக் கடன் கேக்கற திட்டம் 2000-ல இருந்து இருக்கு. அதுல ஓவர்கிளாக் பண்ணின கார்டு தப்பான விடை அனுப்பக் கூடாதுன்னே நடுநடுவுல சரிபார்ப்பு வெச்சிருக்காங்க. கேம்ல மாசக் கணக்குல ஓடின கார்டு அங்கே ஒரு மணி நேரத்துல மாட்டிக்கும்.

அதுக்கப்புறம் முறையா செஞ்சோம். ஒரு நேரத்துல ஒண்ணைத்தான் மாத்தறது. மெமரியைக் கம்பெனி வேகத்துல வெச்சுட்டு கோர் மட்டும், கோரை விட்டுட்டு மெமரி மட்டும், கடைசியா ரெண்டும் சேர்ந்து. ஏ.சி. போடறதில்லை, மத்தியான வெயில்ல ஒரு தடவை, ராத்திரி முழுக்க ஒரு தடவை. கோர் +150, ரே டிரேசிங் வேலையில நாலே நிமிஷத்துல விழுந்தது. +120, நாப்பது நிமிஷம். +105-ல ராத்திரி ஆறு மணி நேரம் நல்லா ஓடி, ஏழாவது மணியில விழுந்தது. (ஆறு மணி நேரத்தோட நிறுத்தியிருந்தா அதுக்கும் சர்டிபிகேட் குடுத்திருப்பேன்.) +90, ரெண்டு ராத்திரி தாண்டிச்சு. மெமரிக்கு ஓ.சி.சி.டி.யில இருக்கற மெமரி டெஸ்டை ஓட்டினோம். +800-ல இருபத்தஞ்சு நிமிஷத்துல பிழை காட்டிச்சு, +600-ல இல்லை. மெமரி வேகத்தைக் கூட்டிக்கிட்டே போறப்ப ஸ்கோரையும் பார்க்கணும்னு அங்கேதான் கத்துக்கிட்டேன். இப்போ வர்ற மெமரிகள் சில தப்பைத் தானே கண்டுபிடிச்சு, டேட்டாவைத் திரும்ப அனுப்பிச் சரி பண்ணிக்கும். அதனால எல்லையைத் தாண்டினா உடனே விழாம, வேகம் கூடாம நிக்கும், இல்லைன்னா குறையும். கூட்டியும் ஸ்கோர் ஏறலைன்னா உள்ளே ஏதோ ஒளியுதுன்னு அர்த்தம்.

தாண்டின அளவுலயே வெக்கலை. அதுக்கும் கீழே கொஞ்சம் இடம் விட்டோம். கோர் +60, மெமரி +400. இப்போ ஃபிரேமுக்கு 43.5 செகண்ட்.

நோட்டை வெச்சுக் கணக்குப் போட்டா பொண்ணு. 1440 ஃபிரேமுக்கு ஒன்றரை செகண்ட் மிச்சம்னா, மொத்தம் 36 நிமிஷம். பத்து ராத்திரி டெஸ்ட், சுமார் 20 யூனிட் கரெண்ட். நிமிர்ந்து என்னைப் பார்த்தா. "அப்பா, 36 நிமிஷத்துக்காகவா இதெல்லாம்?"

"ஆமாம்மா. ஜனவரியில நான் ஆசைப்பட்டதே 72 நிமிஷத்துக்குத்தான்."

ரெண்டு பேரும் ரொம்ப நேரம் சிரிச்சோம். அந்த சனிக்கிழமைக்கு அப்புறம் அவ என்கூட சிரிச்சது அப்பத்தான்.

கடைசியா என்ன முடிவு பண்ணினோம் தெரியுங்களா? வெயில் காலத்துல ஓவர்கிளாக்கே வேண்டாம்னு, வோல்டேஜைக் குறைச்சு, 1800 மெகாஹெர்ட்ஸ்ல நிறுத்தி வெச்சோம். கார்டு 170 வாட்டுல இருந்து 130 பக்கம் இறங்கிச்சு, சூடும் எட்டு டிகிரி குறைஞ்சது, வேகம் கிட்டத்தட்ட அதே. இதையும் சும்மா நம்பலை. வோல்டேஜ் குறைக்கறதும் அதே இடத்தைச் சாப்பிடற வேலைதான். அதனால இதுக்கும் ரெண்டு ராத்திரி, ஐம்பது படம், எல்லாம் கறுப்புன்னு பார்த்த பிறகுதான்.

பொண்ணு ஒரு சீட்டு எழுதி கேபினெட் மேல ஒட்டினா. அளவுகள், தேதி, எத்தனை மணி நேரம், ரூம் சூடு. "தாத்தாவுக்கு ஃபோட்டோ அனுப்பணும், அவருக்கு இங்கிலீஷ் வராதே"ன்னு தமிழ்ல எழுதினா. ஸ்கூல்ல தமிழ் படிக்காத பிள்ளை, வீட்டுல நாங்க சொல்லிக் குடுத்ததுதான். "36 டிகிறி"ன்னு பெரிய ற போட்டிருந்தா. நான் திருத்தலை. கீழே "டெஸ்ட் செய்தது: நான். கூட இருந்தது: அப்பா"ன்னு எழுதியிருந்தா. அதையும் திருத்தலை.

வாட்ஸ்அப்ல போட்டதும் அப்பாகிட்ட இருந்து ஒரு குரல் செய்தி வந்தது. "நல்லா இருக்குது அம்மிணி. இதேமாரிதான் நானும் நோட்டு எழுதுவேன். மழைக்காலம் வந்தா மறுக்கா ஒருக்கா ஓட்டிப் பாத்துருங்க. இன்னைக்கு ஓடுனது இன்னைக்கு ஓடுனதுதான்."

ஜூலையில ஒரு தடவை, தீபாவளி லீவுல டிரைவர் மாத்தினப்ப ஒரு தடவை, ஓட்டிப் பார்த்தாச்சுங்க. சீட்டுல தேதி சேர்ந்துக்கிட்டே இருக்கு.

டிஸ்கி: அட்மிஷன் என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. கிடைச்சது. இப்போ ஹாஸ்டல்ல இருக்கா. கார்டும் சீட்டோட அவகூடத்தான் போயிருக்கு. ராத்திரி போன்ல "எல்லாம் நல்லா இருக்கேன்ப்பா"ன்னு சொல்றப்ப, "எவ்வளவு நேரமா?"ன்னு கேக்கறேன். திட்டறா :-)